இரைப்பையின் இரகசியம் கண்ட இவான் பாவ்லோவ்

மணியோசை கேட்ட நாய்க்கு வாயில் நீர் ஊறிற்று என்னும் செய்தியைப் பள்ளியில் படித்தவர் நம்மில் பலர். அச்செய்தியோடு இவான் பெத்ரோவிச் பாவ்லோவ் என்னும் ருஷ்ய விஞ்ஞானியின் பெயரும் உலகெங்கும் பரவிவிட்டது. ஆனால் அப்பெரியாருக்கு 1904-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது அந்த மணியோசைக்காக அன்று. நாம் உண்ணும் உணவு வயிற்றில் எவ்வாறு செரிக்கிறது, அதற்கு வேண்டிய நீர் எப்பொழுது சுரக்கிறது, யார் ஆணைக்கு அடங்கிச் சுரக்கிறது என்பனவற்றைக் கண்டு கூறியதற்காகவே அப்பரிசு அளிக்கப்பெற்றது. இதனை அறிந்தோர் சிலரே. ஆகவே இவ்வாண்டு மலரில் அவர் வரலாற்றை நம் காலனி அன்பர்களுக்கும், அடுப்படியில் நமக்காக உழைக்கும் தாய்மார்களுக்கும், பள்ளியில் பயிலும் இளைஞர்களுக்கும் சுருக்கமாக எடுத்துரைக்க முற்படுகிறோம். நாம் மருத்துவம் பயின்றவரல்லோம். ரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதிப் பிழைப்பவர். எனினும் வேளை தவறி உண்பதும், உண்டது செரியாமல் தவிப்பதும் ரயில்வேக் குடும்பங்களுக்குப் புதியன அல்லவாதலின், இப்பொருளைப் பற்றி எழுத நமக்கும் சிறிது உரிமை உண்டென்று கருதுகிறோம்.

இளமையும் வறுமையும்

மாஸ்கோ நகருக்குத் தென்கிழக்கே ரியாசான் என்னும் பழைய ஊர் ஒன்று உள்ளது. அவ்வூரில் 1849-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள், எளிய பாதிரியார் ஒருவரின் மூத்த மகனாகப் பாவ்லோவ் பிறந்தார். சிறுவனாயிருந்தபோது உயரமான இடமொன்றிலிருந்து கல் பாவிய தரையில் விழுந்து பலத்த காயமுற்றதனால், பதினொரு வயது வரையில் அவர் பள்ளிக்குச் செல்ல இயலவில்லை. பின்னர்த் தந்தையின் வழியிலேயே பாதிரியாராகட்டும் என்று சமயக் கல்விச்சாலையில் சேர்த்தனர்.

அக்காலத்தில் ருஷ்ய நாட்டில் புதிய எண்ணங்கள் பெருவெள்ளமெனப் பரவிக்கொண்டிருந்தன. 1861-இல் பண்ணையடிமை முறை ஒழிந்தது. 1863-இல் செச்செனோவ் என்னும் அறிஞர் மூளையின் அனிச்சைச் செயல்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலைப் படித்த இளைஞர் பாவ்லோவின் உள்ளம் உடலியல் ஆராய்ச்சியில் பதிந்தது. பாதிரியார் பதவியை விடுத்து, 1870-இல் தலைநகராகிய செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சென்று பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே சியோன் என்னும் பேராசிரியரிடம் அறுவைக் கலையைக் கற்றார். இரு கைகளாலும் ஒன்றுபோல் வேலை செய்யும் திறம் அவருக்கு வாய்த்திருந்தது. அவர் செய்யும் அறுவை தொடங்கியதாகப் பார்ப்போர் நினைக்கும்போதே முடிந்துவிடும் என்பர்.

கல்வி வளர்ந்தது போலச் செல்வம் வளரவில்லை. 1881-இல் செராபீமா என்னும் ஆசிரியை அவருக்கு வாழ்க்கைத் துணைவியானார். இல்லறம் நடத்தப் போதிய வருவாய் இல்லை. சில காலம் தம் தம்பியின் வீட்டில் தங்கினர். வேறு சில காலம் மனைவி உறவினர் வீட்டிலும் கணவர் ஆராய்ச்சிக்கூடத்திலுமாகப் பிரிந்து வாழ்ந்தனர். முதற்குழந்தை சிறு வயதிலேயே இறந்தது. இவர் படும் துன்பத்தைக் கண்ட மாணவர்கள் தம்முள் பணம் திரட்டி, சொற்பொழிவுக்குக் கட்டணம் என்று ஒரு காரணம் கூறி அவரிடம் அளித்தனராம். அவரோ அப்பணம் முழுவதையும் சோதனைக்கு வேண்டிய பிராணிகளை வாங்குவதிலேயே செலவிட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினார். இத்தகைய கணவரோடு வாழ்ந்த அம்மையாரின் பொறுமையை நம் தாய்மார்கள் நன்கு உணர்வர்.

1883-இல் இதயத்தின் நரம்புகளைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றார். அடுத்த இரண்டாண்டுகள் ஜெர்மனியில் லூட்விக், ஹைடன்ஹைன் என்னும் பேரறிஞர்களிடம் பயிற்சி பெற்றார். தாயகம் திரும்பிய பின்பும் நல்லதோர் உத்தியோகம் கிட்டவில்லை. நாற்பது வயதைக் கடந்த பின்னரே, 1890-இல், இராணுவ மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் பதவி கிடைத்தது. அடுத்த ஆண்டில், புதிதாக நிறுவப்பெற்ற பரிசோதனை மருத்துவக் கழகத்தில் உடலியல் பகுதிக்குத் தலைவரானார். அவர் பெரும்பணி தொடங்கியது அங்கேதான்.

வயிற்றுக்கு ஒரு சாளரம்

பாவ்லோவுக்கு முன்பு இரைப்பையின் வேலையைக் கண்ணாற் கண்டவர் மிகச் சிலரே. அமெரிக்க இராணுவ மருத்துவர் பியூமாண்ட் என்பவர் அவர்களுள் முதன்மையானவர். 1822-இல் மாக்கினாக் தீவில் செயின்ட் மார்ட்டின் என்னும் இளைஞனுக்குத் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து, ஆறிய பின்பும் வயிற்றில் ஒரு துளை மூடாமலே நின்றுவிட்டது. அத்துளையின் வழியே உணவை நூலிற் கட்டி உள்ளே விட்டும், ஊறும் நீரை வெளியே எடுத்தும் பியூமாண்ட் பல ஆண்டுகள் சோதித்தார். இரைப்பை நீரில் அமிலம் உள்ளதென்பதும், அந்நீர் உடலுக்கு வெளியே கண்ணாடிக் கலத்திலும் இறைச்சியைக் கரைக்கும் என்பதும் அதனால் உறுதியாயின. ஆனால் உணவோடு கலந்த நீரையே பெரும்பாலும் அவர் பார்க்க முடிந்தது. சுரப்பிகளை ஏவுவது எது என்னும் வினாவிற்கு விடை கிட்டவில்லை.

பிராணிகளைக் கட்டி வைத்து அறுத்து, அவை உயிர் துறக்குமுன் அவசரமாய்ப் பார்த்து முடிவு செய்வதே அந்நாளைய உடலியலாரின் வழக்கம். வலியாலும் அச்சத்தாலும் கலங்கிய உடலில் இயற்கையான செயலை எவ்வாறு காண இயலும்? பாவ்லோவ் இவ்வழியை வெறுத்தார். நோயாளிக்குச் செய்வது போலவே நாய்க்கும் மயக்க மருந்து கொடுத்து, தூய்மையான அறையில் அறுவை செய்து, புண் ஆறும் வரை பேணி, அது நலமுடன் உண்டு உலவும் நிலையிலேயே நாட்கணக்காக, ஆண்டுக்கணக்காக அதன் உடலை ஆராய வேண்டும் என்பது அவர் கொள்கை. இதற்கென்றே தம் கூடத்தில் மருத்துவமனை போன்ற அறுவை அறைகளை அமைத்தார். அக்கூடத்தை விரிவாக்க 1893-இல் பொருளுதவி செய்தவர் ஆல்பிரெட் நோபெல். அவர் பெயரால் அமைந்த பரிசே பதினோராண்டுகள் கழித்துப் பாவ்லோவைத் தேடி வந்தது.

பசியே முதல் ஏவலாள்

1889-இல் ஷூமவா-சிமனோவ்ஸ்கயா என்னும் பெண் மருத்துவரோடு சேர்ந்து பாவ்லோவ் ஒரு சோதனை செய்தார். நாயின் உணவுக்குழலைக் கழுத்தில் வெட்டி வெளிப்புறமாகத் தைத்தனர். இரைப்பையிலும் ஒரு சிறு குழாயைப் பொருத்தினர். அறுவை ஆறிய பின் நாய்க்கு இறைச்சி அளித்தனர். நாய் சுவைத்து விழுங்கிற்று. விழுங்கிய உணவு கழுத்துத் துளை வழியே மீண்டும் தட்டிலேயே வந்து விழுந்தது. இரைப்பைக்குள் ஒரு துண்டும் சேரவில்லை. ஆயினும் ஐந்தாறு நிமிடங்களில் இரைப்பைக் குழாயிலிருந்து தெளிந்த நீர் சொட்டத் தொடங்கிற்று. நாய் உண்ண உண்ண, அந்நீர் நூற்றுக்கணக்கான மில்லிலிட்டர் அளவிற்குப் பெருகிற்று. உணவின் கலப்பே இல்லாத தூய இரைப்பை நீர் அது.

உணவு வந்து சேராத இரைப்பைக்கு உணவு வருகிறதென்று அறிவித்தவர் யார்? மூளையிலிருந்து கழுத்து வழியே இறங்கி இரைப்பையைச் சேரும் வேகஸ் என்னும் நரம்பைப் பாவ்லோவ் வெட்டிப் பார்த்தார். அதன் பின்னர் நாய் எவ்வளவு ஆவலோடு உண்டாலும் அங்கே ஒரு சொட்டும் ஊறவில்லை. ஆகவே செய்தி சென்றது அந்நரம்பின் வழியேதான் என்பது தெளிவாயிற்று.

நம் காலனி அன்பர்களுக்கு இதனை விளக்க நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. வண்டி ஒரு நிலையத்தை விட்டுப் புறப்படும்பொழுதே அடுத்த நிலையத்திற்குச் செய்தி போய்விடுகிறது. வண்டி வந்து நின்ற பிறகு அங்குள்ளோர் ஆயத்தம் செய்யத் தொடங்குவதில்லை. அதுபோலவே, இலையில் சோறு விழும் ஓசையும், தாளிக்கும் மணமும், நாவிற்பட்ட முதற்சுவையும் மூளைக்கு எட்டிய அக்கணமே, வேகஸ் என்னும் தந்திக்கம்பி வழியாக இரைப்பைக்குச் செய்தி சென்று, சுரப்பிகள் வேலையைத் தொடங்கிவிடுகின்றன.

இதற்கு மாறான சோதனையையும் அவர் செய்தார். நாய் அறியாதபடி, அதன் கவனத்தை வேறெங்கோ திருப்பி, குழாய் வழியே ரொட்டியை நேரே இரைப்பையில் இட்டார். நெடுநேரம் ஆகியும் நீர் சுரக்கவில்லை. ரொட்டி இட்டபடியே கிடந்தது. இறைச்சியை அவ்வாறு இட்டபோது காலந்தாழ்த்துச் சிறிது நீர் சுரந்தது. ஆனால் ஆவலோடு உண்பதாக நாய் எண்ணிய வேளையில் இட்ட இறைச்சியோ அதே நேரத்தில் பல மடங்கு அதிகமாகச் செரித்தது. பசியும் ஆவலுமே செரிமானத்தின் முதல் ஏவலாள் என்று பாவ்லோவ் முடிவு கட்டினார்.

சின்னத் தோழன்

மேற்கூறிய சோதனையில் இரைப்பையில் உணவு இல்லை. உணவு உள்ளே இருக்கையில் சுரப்பது எவ்வாறு என்பதையும் அறிய வேண்டுமல்லவா? ஆசிரியர் ஹைடன்ஹைன் இரைப்பையின் ஒரு பகுதியைத் தனியே பிரித்துச் சிறு பையாகத் தைத்து, அதன் நீரை மட்டும் வெளியே எடுத்திருந்தார். ஆனால் அவர் முறையில் வேகஸ் நரம்பின் கிளைகள் அறுபட்டுப்போயின. நரம்பு அறாமல் பையைப் பிரிக்கும் புதிய முறை ஒன்றைப் பாவ்லோவ் வகுத்தார். அஃது இயலாத காரியம் என்று பலர் கருதினர். அறுவைக்குப் பின் நாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாண்டன. 1894-இல்தான் ஒரு நாய் பிழைத்து நலமுற்றது. அதற்குத் துருழோக் என்று பெயர். ருஷ்ய மொழியில் சின்னத் தோழன் என்று பொருள். பெரிய இரைப்பை உணவைச் செரித்துக்கொண்டிருக்க, அதே நேரத்தில் சிறிய பையில் அதே போன்ற நீர் தூயதாய் ஊறி, நடப்பதனைத்தையும் கண்ணாடி போலக் காட்டிற்று.

சின்னத் தோழன் கற்பித்த பாடங்கள் பல. இறைச்சி உண்டால் ஒருவகை நீர், ரொட்டி உண்டால் வேறொருவகை நீர், பால் அருந்தினால் மற்றொருவகை நீர் ஊறிற்று. இறைச்சிக்கு ஊறியதில் அமிலம் மிகுதி. ரொட்டிக்கு ஊறியதில் புரதத்தைச் சிதைக்கும் பெப்சின் மிகுதி. அது நெடுநேரம் ஊறவும் செய்தது. கொழுப்பு மிகுந்த உணவு சுரப்பையே தடுத்து நிறுத்திற்று. நெய் பெருகிய விருந்திற்குப் பின் வயிறு நெடுநேரம் கனத்திருப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

இவையனைத்தையும் தொகுத்து 1897-இல் செரிமானச் சுரப்பிகளின் வேலையைப் பற்றித் தம் சொற்பொழிவுகளை நூலாக வெளியிட்டார். அந்நாட்களில் அவர் கூடத்து நாய்களிடமிருந்து எடுத்த தூய இரைப்பை நீர் புட்டிகளில் அடைக்கப்பெற்று, வயிறு மந்தித்த நோயாளிகளுக்கு மருந்தாக விற்கப்பட்டது. அவ்வருவாய் ஆராய்ச்சிக்கே பயன்பட்டது.

அரைமணி நேர மௌனம்

பாவ்லோவின் வாழ்வில் நாம் மிகவும் போற்றுவது இனிச் சொல்லப்போகும் நிகழ்ச்சியே. இரைப்பையிலிருந்து அமிலம் சிறுகுடலுக்கு இறங்கியதும் கணையத்திலிருந்து நீர் பாய்கிறது. இதுவும் நரம்பின் வேலையே என்று அவரும் அவர் மாணவர்களும் கூறி வந்தனர். செரிமானம் முழுவதும் நரம்பின் ஆட்சி என்பதே அவர் கட்டிய மாளிகையின் அடித்தளம். 1902-இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் இருவர், நரம்புகள் யாவும் அறுக்கப்பட்ட குடற்பகுதியில் அமிலத்தை விட்டனர். அப்பொழுதும் கணைய நீர் பாய்ந்தது. செய்தியைக் கொண்டு சென்றது நரம்பன்று. குடலின் உட்சுவரில் உண்டாகி இரத்தத்திற் கலந்து சென்ற ஒரு இரசாயனப் பொருள். அதற்குச் செக்ரிடின் என்று பெயரிட்டனர். தந்தி மட்டுமே உண்டென்று எண்ணியிருந்த இடத்தில் தபாலும் உண்டென்று தெரிந்தது.

இச்சோதனையைத் தம் கூடத்திலேயே செய்து காட்டுமாறு பாவ்லோவ் மாணவர் ஒருவரைப் பணித்தார். அனைவரும் சூழ்ந்து நின்று பார்த்தனர். நரம்பறுந்த நிலையிலும் கணைய நீர் பாய்ந்தது. பாவ்லோவ் ஒரு சொல்லும் கூறாமல் தம் தனியறைக்குச் சென்றுவிட்டார். அரைமணி நேரம் கழித்து வெளியே வந்து, லண்டன் அறிஞர்கள் கூறியதே சரி என்றும், உண்மையைக் காணும் உரிமை தமக்கு மட்டுமே உரியதன்று என்றும் ஒப்புக்கொண்டாராம். உலகப் புகழின் உச்சியில், ஐம்பது வயதைக் கடந்த ஒருவர், பத்தாண்டுக் கொள்கையைத் தம் மாணவர் முன்னிலையிலேயே அரைமணி நேரத்தில் திருத்திக்கொள்வது எளிய செயலன்று. அலுவலகத்திலும் வீட்டிலும் சிறு சொல்லைக்கூட விட்டுக்கொடுக்க மனமில்லாத நம்மனோர்க்கு இது பெரியதோர் பாடமாகும்.

இரண்டாண்டுகள் சென்று 1904-இல், செரிமான ஆராய்ச்சிக்காகவே நோபெல் பரிசு அவருக்கு வழங்கப்பெற்றது. ருஷ்யர் ஒருவர் பெற்ற முதல் நோபெல் பரிசு அது. அதற்குள் அவர் உள்ளம் வேறொன்றை நாடிற்று. உணவைக் காணுமுன்பே, உணவளிப்பவனின் காலடி ஓசைக்கே நாய்க்கு உமிழ்நீர் ஊறுவதேன் என்னும் வினா அது. அதிலிருந்து விளைந்ததே பள்ளிப் பாடத்தில் நாம் படித்த செய்தி. இரைப்பையின் வழியாகவே அவர் மூளையைச் சென்றடைந்தார்.

புரட்சிக் காலம்

1917-இல் ருஷ்யப் புரட்சி மூண்டது. பரிசுப் பணம் கைவிட்டுப் போயிற்று. பஞ்சம் சூழ்ந்தது. அறுபத்தெட்டு வயதைக் கடந்த முதியவர் கழக நிலத்தில் காய்கறி பயிரிட்டார். ஆராய்ச்சிக்கூடத்து நாய்கள் பட்டினியால் மாண்டன. ஆயினும் அவர் வேலைக்கு வரும் நேரம் தவறவில்லை. தெருவில் துப்பாக்கி வெடித்ததால் தாமதித்து வந்த உதவியாளரையும் அவர் கடிந்துகொண்டதாக ஒரு கதை வழங்குகிறது. 1921 ஜனவரியில் லெனின் அவருக்குத் தனி வசதிகள் அளிக்க ஆணையிட்டார். உடனுழைப்போர் பசித்திருக்கத் தமக்கு மட்டும் தனி உணவு வேண்டாமென்று அவர் மறுத்தார். பின்னர்ப் பாதிரியார்களின் மக்களைக் கல்லூரியிலிருந்து நீக்கியபோது, தாமும் ஒரு பாதிரியார் மகனே என்று கூறி, இராணுவ மருத்துவக் கல்லூரிப் பதவியைத் துறந்தார். அரசின் குறைகளை அஞ்சாது எடுத்துரைத்தபோதிலும், அவர் ஆராய்ச்சிக்கு அரசு பொருள் தருவதை நிறுத்தவில்லை.

1935-இல் லெனின்கிராடில் கூடிய அனைத்துலக உடலியல் மாநாட்டிற்கு அவரே தலைமை தாங்கினார். அடுத்த ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள், எண்பத்தாறாம் வயதில், நிமோனியாக் காய்ச்சலால் காலமானார்.

அவருக்குப் பின்

பாவ்லோவ் ஏற்றிய விளக்கைப் பின்வந்தோர் மேலும் தூண்டினர். இரைப்பையின் கீழ்ப்பகுதியிலிருந்தே காஸ்ட்ரின் என்னும் மற்றொரு தபால் புறப்படுகிறதென்று எட்கின்ஸ் 1905-இல் கூறினார். இன்று மருத்துவ நூல்கள் இரைப்பை நீர் சுரப்பதை மூன்று கட்டங்களாகப் பிரிக்கின்றன. உணவைக் கண்டும் முகர்ந்தும் சுவைத்தும் சுரப்பது முதற்கட்டம். அது பாவ்லோவ் கண்டது. மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு அதனைச் சேரும். உணவு இரைப்பையை நிரப்பியதும் சுரப்பது இரண்டாவது, இதுவே மிகுதி. குடலுக்கு இறங்கிய பின் சுரப்பது மூன்றாவது, அது சிறிதளவே. நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு லிட்டர் நீர் இவ்வாறு ஊறுகிறது. அமிலம் அளவு கடந்தால் காஸ்ட்ரின் தானே குறைந்து சுரப்பைத் தணிக்கிறது. இறைச்சியைக் கரைக்கும் அந்நீர் இரைப்பையையே கரைத்துவிடாதபடி, வழவழப்பான ஒரு படலம் உட்சுவரைப் போர்த்திக் காக்கிறது.

வயிற்றுப்புண் நோய்க்கு மருத்துவமும் இவ்வறிவிலிருந்தே கிளைத்தது. 1943-இல் டிராக்ஸ்டெட் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் வேகஸ் நரம்பை வெட்டி அமிலத்தைக் குறைக்கத் தொடங்கினார். பின்னர் ஜேம்ஸ் பிளாக் என்பவர் அமிலச் சுரப்பைத் தடுக்கும் மருந்தைக் கண்டு 1988-இல் நோபெல் பரிசு பெற்றார். வயிற்றுப்புண்ணிற் பெரும்பாலானவற்றுக்கு ஒருவகைக் கிருமியே காரணம் என்பதை ஆஸ்திரேலியாவில் வாரன், மார்ஷல் இருவரும் 1980-களில் நிறுவினர். அவர்களுக்கு 2005-இல் அப்பரிசு கிடைத்தது. எனவே வயிற்றுவலி நீடித்தால் பத்தியத்தையும் பசியையும் மட்டும் நம்பியிராமல் மருத்துவரை நாடுவதே அறிவுடைமை.

எனினும் பாவ்லோவ் கூறிய முதற்செய்தி மாறவில்லை. சினந்த நாய்க்கு உணவு கொடுத்தாலும் இரைப்பை நீர் சுரப்பதில்லை என்பதைப் பின்வந்த ஆராய்ச்சியாளர் கண்டனர். இரவு வேலை முடிந்து விடியற்காலையில் வீடு திரும்புபவர், கடிகாரத்தைப் பார்த்தபடியே நான்கு கவளம் விழுங்கிவிட்டு ஓடுபவர், உண்ணும் இலையின் முன் குழந்தையைக் கடிபவர், இம்மூவரும் தத்தம் இரைப்பைக்குச் செய்தி செல்லும் கம்பியைத் தாமே அறுத்துக்கொள்கின்றனர். சூடாகப் பரிமாறி, அருகில் அமர்ந்து இன்சொல் கூறும் தாய்மாரோ, தாம் அறியாமலே செரிமானத்தின் முதற்கட்டத்தைத் தொடங்கி வைக்கின்றனர்.

லெனின்கிராடில், இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், பாவ்லோவ் பணியாற்றிய கழகத்தின் தோட்டத்தில் ஒரு நாயின் உருவச்சிலை உள்ளது. அவர் விருப்பத்தின்படி 1935-இல் அமைக்கப்பெற்றது அது. தமக்குச் சிலை வேண்டுமென்று அவர் கேட்கவில்லை. வாயில்லாப் பிராணிகளுக்கு மனித இனம் பட்ட கடனை நினைவூட்டவே கேட்டார். அவர் செய்த சோதனைகளை இக்காலத்து நெறிமுறைகள் எளிதில் ஒப்பமாட்டா. அதனை அவரும் தம் அளவில் உணர்ந்தே இருந்தார் என்பதற்கு அச்சிலையே சான்று. மருந்துக்கடையில் அமிலம் தணிக்கும் மாத்திரை ஒன்றை நாம் வாங்கும்பொழுது, அரைமணி நேரம் மௌனமாய் அமர்ந்து உண்மைக்குத் தலைவணங்கிய அப்பெரியாரையும், சின்னத் தோழன் என்னும் அந்த நாயையும் ஒருமுறை நினைத்துக்கொள்வோமாக.